பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறது போதும்: குடும்பக் கொள்கைக்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையம் வேணும்

1/
நீளமான இழை. பொறுமையா படிங்க, படிச்சுட்டு திட்டணும்னா திட்டுங்க.

நான் அரசு மருத்துவமனை டாக்டர். எம்பிபிஎஸ். பேராசிரியர் கிடையாது, பொருளாதார நிபுணர் கிடையாது. ஆனா அரசாங்கம் "குடும்பம்"னு பேப்பர்ல எழுதுற ஒவ்வொரு வரியும் கடைசியில எங்க வார்டு கட்டில்லதான் வந்து படுக்குது. அந்த உரிமையில சொல்றேன்: தமிழ்நாட்டுக்கு ஒரு குடும்பக் கொள்கை ஆய்வு மையம் வேணும். அது செக்ரட்டேரியட்ல வேண்டாம், கட்சி ஆபீஸ்ல வேண்டாம். பல்கலைக்கழகத்துக்குள்ள வேணும்.

2/
ஏன் இப்போ?

2024 அக்டோபர்ல ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அதிகம் குழந்தை பெத்துக்கச் சொன்னார். அதே மாசம் சென்னையில அறநிலையத்துறை நடத்தின திருமண விழாவுல முதல்வர் மு.க.ஸ்டாலின், தொகுதி மறுவரையறையை வெச்சு, பதினாறு பெத்துக்கலாமேன்னு நினைக்கிற நிலைமை வந்துடுச்சுன்னு பேசினார். டிசம்பர்ல நாக்பூர்ல ஆர்எஸ்எஸ் தலைவர் மோகன் பாகவத், ரெண்டு பத்தாது, மூணு வேணும்னார்.

வேற எதுலயும் ஒத்துப்போகாத மூணு பேர் இதுல மட்டும் ஒத்துப்போறாங்க. மூணு பேச்சுலயும் குழந்தை ஒரு எண்ணிக்கை. பெத்துக்கப் போற பொண்ணு எங்க இருக்கான்னு தேடிப் பாருங்க.

3/
மேடையை விடுங்க. அரசாணைகளைப் பாருங்க.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி: மொத்தம் 18,000 ரூபாய், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து. முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான்.

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், 1992ல வந்தது: ஒரே பெண் குழந்தைன்னா 50,000, ரெண்டு பெண் குழந்தைன்னா ஆளுக்கு 25,000 வைப்புத்தொகை. நிபந்தனை என்ன தெரியுமா? அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்கணும்.

அதாவது, மேடையில "பெத்துக்கோ". ஆபீஸ்ல "நிறுத்திக்கோ, பணம் தர்றோம்".

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுறதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்களே, அது இதுதான்.

4/
இந்த முரண்பாட்டுக்கு யாரையும் வில்லனாக்க வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலை நடந்த காலத்துல, 1992ல, அந்தத் திட்டத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. கேள்வி வேற: முப்பது வருஷம் கழிச்சு அந்த நிபந்தனை இன்னும் வேணுமான்னு யார் உட்கார்ந்து பார்த்தாங்க? சமூக நலத்துறை ஒரு ஃபைல். சுகாதாரத்துறை ஒரு ஃபைல். பள்ளிக்கல்வி ஒரு ஃபைல். வருவாய்த்துறை ஒரு ஃபைல். ஒரே வீடு, நாலு ஃபைல். நாலையும் ஒரே மேஜையில விரிச்சு வெக்கிற ஆள் இல்லை.

5/
சரி, நம்ம பிறப்பு விகிதம் என்ன? ஒரு பெண் சராசரியா எத்தனை குழந்தை பெத்துக்கிறாங்க?

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்றது 1.8. மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கை சொல்றது 1.4. ரெண்டும் மத்திய அரசு எண். ரெண்டும் தமிழ்நாட்டுக்குத்தான்.

இது சின்ன வித்தியாசம் இல்லைங்க. 1.8ன்னா நாம மெதுவா வயசாகுற மாநிலம். 1.4ன்னா வேகமா வயசாகுற மாநிலம். முதல்ல சொன்னதுக்கு ஒரு கொள்கை, ரெண்டாவதுக்கு வேற கொள்கை. கணக்கெடுக்கிற முறை வேற, அதனால எண் வேற. ஆனா எதை நம்பி எந்தத் திட்டம் போடணும்னு நம்ம மாநிலத்துக்குள்ள இருந்து சொல்ல ஒரு குரல் வேணாமா? 2021ல நடக்க வேண்டிய சென்சஸும் நடக்கலை. கண்ணைக் கட்டிக்கிட்டு "பதினாறு"ன்னு பேசிக்கிட்டு இருக்கோம்.

6/
இப்போ என் வார்டுக்கு வாங்க.

பிரசவம் முடிஞ்ச பெண்கிட்ட அடுத்து என்னன்னு கேட்போம். "ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர்." யாருக்கு? அவங்களுக்குத்தான். எப்பவுமே அவங்களுக்குத்தான். தமிழ்நாட்டுல கல்யாணமான பெண்கள்ல பாதிக்கும் மேல கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. ஆண்கள்? ஒரு சதவீதம்கூட இல்லை.

ஆணுக்குப் பண்றது வாசக்டமி. கத்தியோட கோடுகூட இல்லாம, பத்துப் பதினஞ்சு நிமிஷ வேலை, அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். பெண்ணுக்குப் பண்றது வயித்தைத் திறக்கிற வேலை. எது சுலபம்னு எங்களுக்குத் தெரியும். இருந்தும் ஏன் இப்படி? "ஆம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடறோம். அது பதில் இல்லை. ஏன் ஒத்துக்கலை, எந்த வயசுல, எந்த ஊர்ல, யார் சொன்னா ஒத்துப்பாங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் ஆராய்ச்சி.

7/
சொந்தத்துல கல்யாணம். தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 28 சதவீதம். அக்கா பொண்ணு, மாமன் மகன், அத்தை மகன்.

நான் இதைப் பழிச்சுப் பேசப் போறதில்லை. சொத்து வெளிய போகாது, பொண்ணை நல்லா பார்த்துப்பாங்க, வரதட்சணை தொல்லை கம்மின்னு வீட்டுக்கு வீடு ஒரு காரணம் இருக்கு. அந்தக் காரணத்தைப் புரிஞ்சுக்காம "சொந்தத்துல பண்ணாதீங்க"ன்னு போஸ்டர் ஒட்டினா போஸ்டர்தான் மிஞ்சும். மரபணு பாதிப்போட பிறக்கிற குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓபி ஓபியா அலையற அம்மாவுக்கு அந்தப் போஸ்டரால என்ன லாபம்?

8/
அடுத்த பக்கம், முதியோர் வார்டு.

டிஸ்சார்ஜ் எழுதிட்டோம். காய்ச்சல் இல்லை, சுகர் கட்டுப்பாட்டுல இருக்கு. ஆனா பாட்டி கட்டில்லயேதான் இருக்காங்க. கூட்டிட்டுப் போக ஆள் இல்லை. மகன் திருப்பூர்ல ஷிப்ட். மகள் வேற மாவட்டம், அவங்க மாமியாரும் படுத்த படுக்கை. "ரெண்டு நாள் வெச்சுக்கங்க டாக்டர்"ங்கிறாங்க. அவங்க கெட்ட பிள்ளைங்க இல்லை. லீவு போட்டா சம்பளம் போயிடும், அவ்வளவுதான்.

இது ஒரு அரசு ஆஸ்பத்திரி கதை மட்டும் இல்லை. எந்த ஊர் ட்யூட்டி டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க.

9/
மத்திய அரசின் மக்கள்தொகை கணிப்புப்படி 2036ல தமிழ்நாட்டுல ஐந்து பேர்ல ஒருத்தருக்கு 60 வயசு தாண்டியிருக்கும். பதினோரு வருஷம்கூட இல்லாத தூரம்.

அதுக்கு நம்மகிட்ட இருக்கிறது என்ன? 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். பிள்ளை பார்த்துக்கலைன்னா கோட்டாட்சியர்கிட்ட மனு கொடுக்கலாம், மாசம் 10,000 வரைக்கும் வாங்கித் தருவாங்க. நல்ல சட்டம்தான். ஆனா ஒரு அம்மா பெத்த பிள்ளை மேல மனு கொடுக்கிற நிலைமைக்கு முன்னாடி ஒரு கொள்கை இருக்கணுமே? பகல் நேரப் பராமரிப்பு, பார்த்துக்கிறவங்களுக்கு சம்பளத்தோட லீவு, வீட்டுக்கு வர்ற நர்ஸ். இதுல எது நம்ம ஊருக்கு வேலை செய்யும்? யாருக்கும் தெரியாது, ஏன்னா யாரும் செஞ்சு பார்த்து அளக்கலை.

10/
இந்த இடத்துல ஒரு அண்ணன் வந்து "அதெல்லாம் மருமக பார்த்துப்பா"ன்னு கமெண்ட் போடுவார். அவருக்காக ஒரு கணக்கு.

2019ல மத்திய அரசே நேரப் பயன்பாட்டு ஆய்வு எடுத்தது. வீட்டு வேலை செய்யற பெண் ஒரு நாளைக்கு அதுக்குச் செலவழிக்கிறது சராசரியா 299 நிமிஷம். வீட்டு வேலை செய்யற ஆண் 97 நிமிஷம். அதுலயும் அந்த வேலையைச் செய்யற ஆண்களே கொஞ்சம் பேர்தான்.

"குடும்பம் பார்த்துக்கும்"னு நாம சொல்ற ஒவ்வொரு தடவையும் அதுக்கு அர்த்தம் "ஒரு பொண்ணு சம்பளமில்லாம பார்த்துப்பா". அந்த மருமகதான் அடுத்த வருஷம் முதுகு வலின்னு என் ஓபில நிக்கிறாங்க.

11/
மகப்பேறு விடுப்பு. நிரந்தர அரசு ஊழியர்னா 12 மாசம் சம்பளத்தோட லீவு, 2021ல இருந்து. நாட்டுக்கே முன்மாதிரி, சந்தோஷம். தனியார்ல 2017 திருத்தத்துல இருந்து 26 வாரம், அதுவும் பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல.

சித்தாள் வேலைக்குப் போறவங்களுக்கு? வீட்டு வேலை செய்யற அக்காவுக்கு? நாலு பேர் வேலை பார்க்கிற துணிக்கடையில நிக்கிற பொண்ணுக்கு? எங்க ஆஸ்பத்திரியையே கூட்டித் துடைக்கிற ஒப்பந்தத் தொழிலாளி கையில லீவு எவ்வளவு வந்து சேருதுன்னு அவங்களையே கேட்டுப் பாருங்க.

2025 மே மாசம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருத்தர் மகப்பேறு விடுப்புக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிக்க வேண்டியிருந்தது. முதல் கல்யாணத்துல ரெண்டு குழந்தை, மறுமணத்துல பிறந்தது அடுத்தது, அதனால லீவு இல்லைன்னு சொல்லியிருந்தாங்க. குடும்பம் மாறிடுச்சு, விதி மாறலை. நீதிமன்றம் வந்து சொல்ல வேண்டியதாயிடுச்சு.

12/
"இதெல்லாம் வீட்டு விஷயம், அரசாங்கம் ஏன் மூக்கை நுழைக்குது?"

ஐயா, அரசாங்கம் எப்பவோ நுழைஞ்சாச்சு. 1952லயே தேசிய குடும்பக் கட்டுப்பாடு திட்டம். அவசரநிலை காலத்துல 1976-77ல மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல கருத்தடை ஆபரேஷன். நிறைய பேரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் பண்ணினாங்க. டார்கெட் வெச்சாங்க, ஆள் பிடிச்சாங்க.

அரசு நம்ம படுக்கையறைக்குள்ள வந்து எழுபது வருஷமாச்சு. இப்போ நாம கேட்கிறது, வந்தவங்க லைட்டைப் போட்டுட்டு வாங்கன்னுதான்.

13/
ஆராய்ச்சி இல்லாம குடும்பத்துல கை வெச்சா என்ன ஆகும்? ஒரு டாக்டரா எனக்கு மறக்கவே முடியாத உதாரணம் ருமேனியா.

1966ல சௌசெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடை பண்ணுச்சு. ஜனத்தொகை வேணுமாம். அடுத்த வருஷம் பிறப்பு எகிறுச்சு. அப்புறம் படிப்படியா பழைய அளவை நோக்கி இறங்கிடுச்சு. இறங்காதது ஒண்ணு: திருட்டுத்தனமா கருக்கலைப்பு பண்ணி செத்த பெண்கள் எண்ணிக்கை. ஐரோப்பாவுலயே மோசமான தாய் மரண விகிதம் அங்கதான். 1989 டிசம்பர்ல அரசு கவிழ்ந்து தடை நீங்கினதும் ஒரே வருஷத்துல தாய் மரண விகிதம் ஏறக்குறைய பாதியாச்சு.

ஒரு சட்டம். இருபத்துமூணு வருஷம். ஆயிரக்கணக்கான அம்மாக்கள். ஆதரவற்றோர் விடுதிகள் நிறைய குழந்தைகள்.

14/
இன்னொரு பக்கம், அள்ளிக் கொடுத்துப் பார்த்த நாடுகள்.

சிங்கப்பூர், நம்ம ஆளுங்க நிறைய வாழற ஊர். 1970கள்ல "ரெண்டோட நிறுத்து"ன்னாங்க. 1987ல "முடிஞ்சா மூணு பெத்துக்கோ"ன்னு திரும்பினாங்க. 2023ல விகிதம் 0.97. தென் கொரியா கொட்டோ கொட்டுன்னு பணத்தைக் கொட்டுச்சு. 2023ல 0.72.

ஆக, தடுத்தாலும் ஆபத்து, காசு கொடுத்து மட்டும் கூப்பிட்டாலும் வராது. வீடு வாடகை, வேலை நேரம், ஸ்கூல் ஃபீஸ், புருஷன் பாத்திரம் கழுவுறானா இல்லையா, இதெல்லாம் சேர்ந்துதான் ஒரு பொண்ணு முடிவெடுக்கிறா. அந்த முடிவை மதிச்சுப் புரிஞ்சுக்கிறதுதான் குடும்பக் கொள்கை.

15/
"தேசிய குடும்ப நல ஆய்வு இருக்கே, மாநிலத் திட்டக்குழு இருக்கே, காந்திகிராமத்துல மக்கள்தொகை ஆராய்ச்சி மையம் இருக்கே?"

இருக்கு. நல்ல வேலையும் செய்யறாங்க. ஆனா தேசிய ஆய்வு சில வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கிற போட்டோ, ஒவ்வொரு தடவையும் வேற வேற வீடு. திட்டக்குழு அரசாங்கத்தோட கை. தன் திட்டத்தைத் தானே மார்க் போட்டுக்கிற மாதிரி. மக்கள்தொகை மையங்கள் மத்திய சுகாதாரத்துறை கேட்கிறதைச் செய்ய ஏற்பட்டது.

நான் கேட்கிறது வீடியோ. அதே குடும்பங்களை இருபது வருஷம் தொடர்ந்து பார்க்கிறது. ஆட்சி மாறினாலும் நிக்காதது.

16/
முடியாதுன்னு சொல்லாதீங்க. வேலூர்ல 1969லருந்து 1973 வரைக்கும் பிறந்த குழந்தைகளை வளர்ந்து பெரியவங்களாகி அவங்களுக்கு சுகர் வர்றது வரைக்கும் தொடர்ந்து ஆய்வு பண்ணியிருக்காங்க, சிஎம்சில. பக்கத்துல கேரளா: திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்துல 1998ல ஆரம்பிச்ச இடம்பெயர்வு ஆய்வு, திரும்பத் திரும்ப எடுத்துக்கிட்டே இருக்காங்க. வளைகுடா பத்தி அந்த மாநிலம் பேசும்போது கையில எண் இருக்கும்.

வெளிநாட்டுல ஜெர்மனியின் பவேரியா மாநிலம் பாம்பெர்க் பல்கலைக்கழகத்துல 1994ல குடும்ப ஆராய்ச்சிக்குன்னே ஒரு மாநில நிறுவனம் வெச்சிருக்கு. ஆஸ்திரேலியா 1980லயே குடும்ப ஆய்வு நிறுவனம் ஆரம்பிச்சுது. 2004லருந்து பத்தாயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்க்குது.

17/
நம்மகிட்ட தரவு இல்லாமலும் இல்லை. கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே விஎச்என் சிஸ்டர் பிக்மி நம்பர் போடறாங்க. குழந்தை ஸ்கூல் சேர்ந்தா எமிஸ் நம்பர். மக்களைத் தேடி மருத்துவத்துல தாத்தா பாட்டியோட பிரஷர், சுகர் பதிவு. கர்ப்பத்துலருந்து கடைசி வயசு வரைக்கும் ஒரு வீட்டோட கதை கம்ப்யூட்டர்ல கிடக்கு. ஒண்ணோட ஒண்ணு பேசாம கிடக்கு.

பெயர், முகவரி எல்லாத்தையும் எடுத்துட்டு, எதிக்ஸ் கமிட்டி அனுமதியோட, இதைப் படிக்க ஒரு மையம் போதும். சிஸ்டர்ங்க ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்து என்ட்ரி போடறது வெறும் ரிப்போர்ட் அனுப்பறதுக்கா? அந்த உழைப்புக்காவது ஒரு மரியாதை வேணாமா?

18/
"காசுக்கு எங்க போறது?"

மகளிர் உரிமைத் தொகைக்கு 2024-25 பட்ஜெட்ல ஒதுக்கினது 13,720 கோடி. நான் அந்தத் திட்டத்தை ஆதரிக்கிறவன். அந்த ஆயிரம் ரூபாயில மாத்திரை வாங்கற அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்தத் தொகையில நூறு ரூபாய்க்குப் பத்து பைசா எடுத்து வெச்சா வருஷம் 13 கோடிக்கு மேல. ஒரு மையத்தை கௌரவமா நடத்தப் போதும். அந்த ஆயிரம் ரூபாய் வீட்டுக்குள்ள என்ன மாத்துச்சு, யார் கைக்குப் போச்சு, எவ்வளவு நாள் கடன் குறைஞ்சதுன்னு அந்த மையமே சொல்லும். நல்ல திட்டம்னா அதைக் காப்பாத்தப் போறதும் அந்த எண்தான்.

19/
சரி, எப்படிப்பட்ட மையம்? இதுல நான் பிடிவாதமா இருப்பேன்.

ஒண்ணு: சட்டமன்றத்துல சட்டம் போட்டு, நிதியை உறுதி பண்ணணும். அரசாணையில வந்தா அடுத்த அரசாணையில போயிடும்.

ரெண்டு: ஆய்வு முடிவு அரசுக்குப் பிடிச்சாலும் பிடிக்கலைனாலும் 90 நாள்ல வெளியிடணும். தமிழ்ல.

மூணு: கட்சிப் பணம், மத நிறுவனப் பணம், மருந்துக் கம்பெனி பணம், ஃபெர்டிலிட்டி சென்டர் பணம், எதுவும் உள்ள வரக்கூடாது.

நாலு: நிர்வாகக் குழுவுல விஎச்என் சிஸ்டருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் நாற்காலி. விருந்தாளியா இல்லை, ஓட்டுப் போடுற உறுப்பினரா.

20/
அஞ்சாவதுதான் முக்கியம்: குடும்பம்னா அப்பா, அம்மா, ரெண்டு குழந்தை, ஒரு ஸ்கூட்டர்னு விளம்பரப் படம் வரைஞ்சு வெச்சுட்டு ஆராய்ச்சி பண்ணக்கூடாது.

புருஷன் விட்டுட்டுப் போன வீடும் குடும்பம். வெளிநாட்டுல அப்பா இருக்க, பாட்டி வளர்க்கிற வீடும் குடும்பம். மறுமணமும் குடும்பம். திருநங்கையர் நல வாரியத்தை 2008லயே நாட்டுக்கு முதல்ல அமைச்ச மாநிலம் இது; அவங்க சேர்ந்து வாழற வீடும் குடும்பம்தான். தனியா வாழற பெரியவரும் எண்ணிக்கையில வரணும்.

"பண்பாட்டைக் காப்பாத்தற" மையம் வேணும்னு கேட்கிறவங்க தயவுசெஞ்சு வேற இடம் பாருங்க. அறிவுரை சொல்ல நம்ம ஊர்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. எண்ணிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

21/
பல்கலைக்கழகங்கள் நிலைமை எனக்குத் தெரியாம இல்லை. துணைவேந்தர் இல்லாத நாற்காலி, பென்ஷன் கொடுக்கத் திணறல், காலிப் பணியிடம், ஊக்கத்தொகைக்குக் காத்திருக்கிற ஆய்வு மாணவர்கள். "அங்கயா கொண்டுபோய் வெக்கச் சொல்றே?"ன்னு கேட்பீங்க.

ஆமா, அங்கதான். அரசாங்கத்தைப் பார்த்து "உங்க திட்டம் வேலை செய்யலை"ன்னு ஒரு சம்பளம் வாங்கற ஆள் சொல்லிட்டு வேலையிலயும் இருக்க முடியற இடம் கொள்கையளவுலயாவது அது ஒண்ணுதான். நான் அரசு ஊழியன், எனக்கு அந்த வசதி கிடையாது. இந்த இழையைக்கூட பேர் போடாமத்தான் எழுதறேன். அது போதாதா காரணம்?

22/
உங்ககிட்ட கேட்கிறது மூணு.

உங்க எம்எல்ஏ அடுத்த தடவை காது குத்துக்கோ கல்யாணத்துக்கோ வந்து "சீக்கிரம் நல்ல சேதி சொல்லுங்க"ன்னு வாழ்த்தினா, சிரிச்சுக்கிட்டே ஒரு கேள்வி கேளுங்க: "சரிங்கண்ணே, மூணாவது பிறந்தா மகப்பேறு உதவி உண்டா?"

நீங்க பல்கலைக்கழகத்துல வேலை பார்க்கிறவங்களா இருந்தா, உங்க மகளிரியல், மக்கள்தொகையியல், சமூகவியல், பொருளியல் துறைகளையும் பக்கத்து மெடிக்கல் காலேஜ் சமுதாய மருத்துவத் துறையையும் ஒரே மேஜையில உட்கார வெச்சு ஒரு முன்மொழிவு எழுதுங்க. அரசு கேட்கட்டும்னு காத்திருக்காதீங்க.

டாக்டர், நர்ஸ், விஎச்என், அங்கன்வாடி, ஆசிரியர், யாரா இருந்தாலும், உங்க கண்ணு முன்னாடி ஒரு அரசாணையும் ஒரு குடும்பமும் முட்டிக்கிட்ட இடத்தைக் கீழ எழுதுங்க. ஊர், பேர் வேண்டாம். முட்டல் மட்டும் போதும்.

23/
கர்ப்பிணிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிற மாநிலத்துல, அடுத்த குழந்தையைக் கேட்கிறதுக்கு முன்னாடி இந்த அம்மாவோட ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு கேட்கணும். அவங்க வீட்டுல யார் சமைக்கிறா, யார் கடைசியா சாப்பிடறா, யார் லீவு போடறான்னு கேட்கணும்.

அந்தக் கேள்விகளைக் கேட்கிறதையே முழுநேர வேலையா செய்ய ஒரு இடம் வேணும். அவ்வளவுதான் கோரிக்கை.

நைட் ட்யூட்டி இருக்கு. கமெண்ட்டுக்கெல்லாம் காலையில பதில் சொல்றேன்.